‘5-க்கு மேல் ஏற்று, 5-க்குக் கீழ் இறக்கு’ என்று சொல்லிக்கொடுத்தும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 43-ஐக் கிட்ட இருக்கும் பத்துக்கு முழுமையாக்கி 30 என்று எழுதுகிறார்கள். என்ன செய்வது?

‘இறக்கு’ என்ற சொல்தான் வில்லங்கம். இறக்கச் சொன்னால் பிள்ளை 4-ஐ 3 ஆக்கத்தான் செய்யும். முதல் இரண்டு மூன்று நாள் விதியே வேண்டாம். ‘எது கிட்ட?’ என்று மட்டும் கேளுங்கள்.

சென்னை மெட்ரோவை வைத்தே ஆரம்பிக்கலாம். டோல்கேட்டுக்கும் காலடிப்பேட்டைக்கும் நடுவில் நிற்கிறவர் எந்த ஸ்டேஷனுக்கு நடப்பார்? கிட்ட இருப்பதற்கு. 43-க்கு இரண்டு பக்கமும் 40, 50. முப்பது எப்போதோ தாண்டிவிட்ட ஸ்டேஷன்.

அடுத்து ஒன்றேகால் மீட்டர் நைலான் கயிறும் 11 துணி கிளிப்பும் எடுங்கள். 10 செ.மீ.க்கு ஒன்றாக, 40 முதல் 50 வரை. ஓரத்து இரண்டும் ஒரு நிறம், 45 வேறு நிறம். கயிறு தொய்ந்தால் கிளிப்புகள் நடுவில் சரிந்து சேர்ந்துவிடும், விறைப்பாகக் கட்டுங்கள். 43-லிருந்து 40-க்கு மூன்று தாவல், 50-க்கு ஏழு. பிள்ளையே விரல் வைத்து எண்ணட்டும். 45-க்கு இரண்டு பக்கமும் ஐந்துதான். இங்கே ‘கிட்ட’ என்று எதுவும் இல்லை, மேலே போவது நாம் வைத்துக்கொண்ட வழக்கம் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். 4-க்கு விடை 0 என்றால் நம்ப மாட்டார்கள். அதற்கும் 0 முதல் 10 வரை கிளிப் மாட்டிக் காட்ட வேண்டியதுதான்.

நோட்டில் விடைக்கு முன் இரண்டு ஓரத்தையும் எழுதும் பழக்கம் வர வேண்டும். 397-க்கு 390, 400. இதை எழுதாத பிள்ளை 9-ஐ 10 ஆக்கி, பின்னால் சைபர் போட்டு, 3100 என்று கொண்டுவந்து நீட்டும்.

நூறுக்குப் போனதும் வேறொரு தப்பு முளைக்கும். 347-ஐ முதலில் 350 ஆக்கி, அதையே 400 ஆக்குவார்கள். சரியான விடை 300. அசல் எண்ணிலிருந்து ஒரே தாவலாகத்தான் போக வேண்டும்.

கணக்குக்கு எம்.சி. ரோடு துணிக்கடை போதும். 342, 243, 134 ரூபாய்க்கு மூன்று துணி. நூறுக்கு முழுமையாக்கிக் கூட்டினால் 600, பத்துக்கு என்றால் 710, பில்லோ 719. கையில் 600 ரூபாயோடு போனவர் கல்லாவில் என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே பேசும்.

முழுமையாக்கக் கூடாத எண்களையும் ஒரு நாள் எடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையின் பின்கோடு 600021-ஐ 600020 ஆக்கினால் தபால் அடையாறுக்குப் போய்விடும்.