இல்லாத காலில் எரிச்சல்: மறுபடி கத்தி வைப்பதற்கு முன்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரையால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து மூன்று மாதம் ஆகிறது. ராத்திரியானால் இல்லாத கட்டைவிரல் முறுக்குகிறது, பாதம் எரிகிறது என்று அழுகிறார். மனநோயோ? இன்னும் கொஞ்சம் மேலே வெட்டினால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

மனநோய் இல்லை. மேலே வெட்டவும் வேண்டாம்.

கால் எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் வருகிற வலிதான் இது. ‘பேன்டம் பெயின்’ என்பார்கள். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கென்று இருந்த இடம் போவதில்லை. அறுபட்ட நரம்பு நுனிகள் தாறுமாறாகச் சிக்னல் அனுப்புகின்றன, முதுகுத்தண்டு அதைப் பெரிதாக்குகிறது, மூளை அதைக் ‘கட்டைவிரல்’ என்றே எடுத்துக்கொள்கிறது. பயமும் தூக்கமின்மையும் சேர்ந்தால் வலி இன்னும் ஏறும். டிஸ்சார்ஜ் தாளில் டிரெஸ்ஸிங் தேதிக்கு இடம் இருக்கிறது. இதைப் பற்றி ஒரு வரி எழுத மட்டும் யாருக்கும் நேரமில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் உங்கள் அப்பா பாதிகூடப் பயந்திருக்க மாட்டார்.

மேலே வெட்டினால் இன்னொரு முறை நரம்பு அறுபடும், அவ்வளவுதான். முழங்காலும் போய்விட்டால் செயற்கைக்கால் போட்டு நடப்பது பல மடங்கு சிரமம்.

முதலில் ஸ்டம்பை, அதாவது எடுத்தபிறகு மிஞ்சியிருக்கும் கால் பகுதியைப் பாருங்கள். சிவப்பு, சூடு, நீர்க்கசிவு இருந்தால் அன்றைக்கே சர்ஜனிடம் போங்கள். ஒரே ஒரு புள்ளியில் விரலால் தட்டும்போது ஷாக் அடித்தமாதிரி இருந்தால் அங்கே நரம்பு முடிச்சு இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

இரண்டும் இல்லையென்றால் கண்ணாடிப் பயிற்சி: இருக்கிற காலின் பிம்பத்தை இல்லாத காலாகப் பார்த்து அசைப்பது. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் அமெரிக்காவில் கொண்டுவந்தது. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஆய்வில், தினம் 15 நிமிடம், நாலு வாரம் கண்ணாடி பார்த்துச் செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடி முன் செய்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் செலவு ஒரு கண்ணாடி.

கண்ணாடிக் கடையில் நாலடி நீளம், ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி வாங்கி, ஓரத்தை மழுங்கச் சீவி டேப் ஒட்டச் சொல்லுங்கள். சர்க்கரைக்காரரின் இடது பாதம் மரத்திருக்கலாம். அப்படியானால் கண்ணாடி முனை கிழித்தாலும் தெரியாது. கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, இரண்டு காலுக்கும் நடுவில் நீளவாக்கில் நிறுத்துங்கள். பளபளப்பான பக்கம் இடது காலைப் பார்க்க வேண்டும், ஸ்டம்ப் பின்னால் மறைந்துவிட வேண்டும். காலில் கறுப்புக்கயிறு கட்டியிருந்தால் கழற்றுங்கள். அது கண்ணாடியில் தெரிந்தால் ‘இது என் வலது கால்’ என்ற எண்ணம் ஒட்டாது. குதிகாலுக்கு அடியில் மெத்தென்று துணி வையுங்கள்.

கண்ணாடியில் தெரியும் காலையே பார்த்தபடி பாதத்தை மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும், விரல்களை மடக்கி விரிக்க வேண்டும். இல்லாத காலும் கூடவே அசைவதாக முயற்சி செய்யட்டும். விரல் முறுக்கிக்கொண்டே இருப்பதாகச் சொல்கிறாரே, அப்படியானால் இடது விரல்களையும் முதலில் அதேமாதிரி முறுக்கிவைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கட்டும். எடுத்த எடுப்பில் நேராக நீட்டச் சொன்னால் வலிதான் கூடும். தலை சுற்றினால், குமட்டினால், அழுகை வந்தால் நிறுத்துங்கள். மறுநாள் இரண்டு நிமிடத்தில் தொடங்குங்கள்.

மாத்திரையில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் அழுத்திச் சொல்கிறேன். டைக்ளோஃபினாக் போன்ற சாதாரண வலி மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரிதாக உதவாது, கிட்னியை மட்டும் கெடுக்கும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரகாபலின், காபாபென்டின் இரண்டும் சிறுநீர் வழியாகவே வெளியேறுகின்றன. சர்க்கரையால் கால் போன பலருக்குக் கிட்னியும் பழுதாகியிருக்கும். அப்போது வழக்கமான டோஸ் உடம்பிலேயே தங்கி, தள்ளாட்டமும் மயக்கமும் வரும். ஒற்றைக்காலோடு விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு. கிரியாட்டினின் (கிட்னி வேலை செய்வதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் யார் எழுதிக்கொடுத்தாலும் “பார்த்துவிட்டு எழுதுங்கள் டாக்டர்” என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு 75 மி.கி. கேட்டதே என்று மெடிக்கலில் வாங்கிக் கொடுக்காதீர்கள். நாளாக எடுத்துக்கொண்டதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

கடைசியாக ஏஜென்டுகள். ஆஸ்பத்திரி வாசலில் விசிட்டிங் கார்டோடு நிற்பவர்கள், ‘இருபது சிட்டிங் லேசர், கூடவே இம்போர்ட்டட் கால்’ என்று பேக்கேஜ் போடுவார்கள். முன்பணம் கொடுக்காதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. ஜெய்ப்பூர் கால் அமைப்பு 1975-லிருந்து இலவசமாகவே கால் பொருத்துகிறது. ஸ்டம்ப் வீக்கம் வடிந்து உருவம் நிலைக்கும் முன் அளவெடுத்தால் கால் லூசாகிவிடும், அந்த உராய்வே புதுப் புண்ணாகும். ‘நாளைக்கே அளவெடுக்கலாம்’ என்று அவசரப்படுத்துபவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.