கை வலிக்கிறது என்றால், இடுப்பைப் பாருங்கள் என்கிறாரே!

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பேஸ்பாலில் வலது கைப் பிட்சர். நாற்பது, ஐம்பது பந்து வீசியதும் முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது என்கிறான். பயிற்சியாளரோ, “இடுப்பு இறுகிக் கிடக்கிறது, தினமும் ஸ்ட்ரெச் பண்ணட்டும்” என்கிறார். கைக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்? என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: சம்பந்தம் நிறையவே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் முழங்கை. இந்த வயதில் அங்கே எலும்பு வளரும் குருத்துப் பகுதி இன்னும் மூடியிருக்காது. ஒவ்வொரு வீச்சிலும் தசை அதைப் பிடித்து இழுக்கிறது. அதனால் எலும்பு டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை பந்து வீசுவதை நிறுத்திவையுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது கூடவே கூடாது.

சரி, இடுப்புக்கு வருவோம். இடுப்பைத் தொட்டுக் காட்டச் சொன்னால் பெரும்பாலோர் பெல்ட் கட்டும் இடத்தைத் தொடுவார்கள். நான் சொல்வது அதற்குக் கீழே, கவட்டை ஒட்டி ஆழத்தில் இருக்கும் பந்துக்கிண்ண மூட்டை. வேகப் பந்தின் விசை தரையில் பிறந்து, கால், இடுப்பு, உடல் வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. வலது கைக்காரனுக்கு இடது கால்தான் முன்கால். அது ஊன்றியதும், உடல் முழுவதும் அந்தத் தொடை எலும்பின் மேல் திரும்ப வேண்டும். அந்த மூட்டு உட்புறம் சுழல மறுத்தால் உடல் பாதியிலேயே நின்றுவிடும். மிச்ச வேகத்தைக் கைதான் கொடுத்தாக வேண்டும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பையனைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்கால்களைச் சேர்த்து, 90 டிகிரிக்கு மடக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு பாதங்களையும் வெளிப்பக்கமாகத் தானாகச் சாயவிடட்டும். பாதம் வெளியே போகும்போது தொடை உள்ளே சுழல்கிறது; இதில் நிறைய பேர் குழம்புவார்கள். 35 முதல் 45 டிகிரி வரை சாய்ந்தால் பொதுவாகப் போதும். ஒரு பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தால் கவனிக்க வேண்டும்.

அடுத்தது பலம். படிக்கட்டின் கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் குதிகாலால் மெதுவாகத் தரையைத் தொட்டுவிட்டு நிமிரட்டும். நிற்கிற காலின் முழங்கால் உள்ளே சரிகிறதா, இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறதா என்று எதிரே நின்று பாருங்கள். அப்படியானால் பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை வலுவில்லை என்று சந்தேகிக்கலாம்.

என் அனுபவத்தில் இரண்டாவது சோதனையில் தோற்கிற பிள்ளைகள்தான் அதிகம். ஆனால் எல்லாரும் ஸ்ட்ரெச் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். மளமளவென்று உயரும் வயதில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும்; கொஞ்சம் இறுக்கம் இயல்புதான். அதை அழுத்தி, இழுத்துச் சரிசெய்யப் பார்த்தால் இடுப்பைச் சுற்றியுள்ள குருத்துப் பகுதிகளும் புண்ணாகும்.

ஸ்ட்ரெச்சில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்ற காலை முன்னே வைத்து, ஊன்றிய பக்கத்துத் தொடையின் முன்புறத்தை நீட்டுவது. பையன்கள் இதில் நன்றாக ஏமாற்றுவார்கள்: முதுகை வளைத்துவிட்டு இடுப்பு நீண்டதாக நினைத்துக்கொள்வார்கள். பிட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள், உடனே வித்தியாசம் தெரியும். 30 விநாடி, இரண்டு மூன்று முறை, ஆட்டம் முடிந்த பிறகு. ஆட்டத்துக்கு முன்னால் கால் வீசுதல், நடந்தபடியே ஒரு காலை முன்னே நீட்டி வைத்து, முழங்காலை மடக்கி இறங்கும் ‘லஞ்ச்’ (lunge) மாதிரி அசைவுகள் போதும்.

பலத்துக்கு வாரம் மூன்று நாள்: ஒற்றைக்கால் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து, ஒரு காலை மட்டும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது), பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்து, முன்கையை ஊன்றி, உடம்பை நேராகத் தூக்கிப் பிடிப்பது), முழங்காலுக்கு மேல் ரப்பர் பேண்ட் மாட்டிப் பக்கவாட்டில் நடப்பது, அப்புறம் மேலே சொன்ன படி இறங்குதலையே பயிற்சியாக. பிளாங்க் 20 விநாடி. மற்றவை பக்கத்துக்கு எட்டு முதல் பத்து, இரண்டு சுற்று. எடை தூக்க அவசரம் வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரம் போகட்டும்.

கவட்டிலோ, தொடையிலோ, ஏன் முழங்காலில் மட்டுமோகூட வலி இருந்து, பையன் நொண்டினால் எந்தப் பயிற்சியும் வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி குருத்தில் நழுவும் ஒரு கோளாறு வரும். அதிலும் உட்சுழற்சிதான் முதலில் குறையும், வலியோ முழங்காலில் தெரியும். அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள்.

டாக்டர் அனுமதித்து மறுபடி வீச ஆரம்பித்ததும் பந்துகளை எண்ணுங்கள். அமெரிக்காவின் ‘பிட்ச் ஸ்மார்ட்’ வரையறைப்படி 13–14 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 14 வயது வரை, 66-ஐத் தொட்டாலே நாலு நாள் ஓய்வு. உங்கள் மகனுக்கு நாற்பதிலேயே வலி வந்திருக்கிறது. அதனால் 95 என்பதை இப்போதைக்கு மறந்துவிட்டு, இருபதில் தொடங்குங்கள்.