விடுதிகளின் சமூகப் பொறுப்பு – கடிதம்

அன்புள்ள சார்,

கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டில் ஃபிரண்ட் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்கிறேன். சுற்றுலாத் துறையில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, அதாவது சிஎஸ்ஆர், என் தலைப்பு. விருந்தினர்கள் 300 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, ஐந்து புள்ளி அளவில் பதில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் கைடு. செக்-அவுட் நேரத்தில் கொடுத்துப் பார்த்தேன். ‘இந்த விடுதி சமூகப் பொறுப்புடன் நடந்துகொள்கிறது’ என்ற வரிக்கு நேரே ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்று டிக் அடித்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். போன வருடம் ஒரு அரசுப் பள்ளிக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்தோம். அந்தப் போட்டோ வரவேற்பறையில் இருக்கிறது. கோடையில் எத்தனை லாரி தண்ணீர் வருகிறது என்பது அந்தப் போட்டோவில் இல்லை. இந்த ஆய்வெல்லாம் வெறும் சடங்குதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சடங்கு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சடங்காகச் செய்கிறவர்கள் நிறையப் பேர் என்பது உண்மை. இரண்டாம் அத்தியாயத்தில் நிர்வாகவியல் பேராசிரியர் ஆர்ச்சி கேரல் 1991இல் போட்ட சமூகப் பொறுப்புப் பிரமிடு, மூன்றாம் அத்தியாயத்தில் கேள்வித்தாள், ஐந்தாம் அத்தியாயத்தில் ‘அரசு ஆவன செய்ய வேண்டும்’. பார்த்திருப்பீர்கள். அந்தப் பிரமிடில் அடியில் லாபம், அதன்மேல் சட்டம், அதற்கும் மேல் அறம், உச்சியில் சின்னதாகக் கொடை. படத்தைப் போட்டுவிட்டு உச்சியைப் பற்றி மட்டும் எழுதுவதுதான் வழக்கம். உங்கள் பெஞ்சு இருப்பதும் அங்கேதான்.

இதில் நம் சட்டத்துக்கும் பங்குண்டு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இதில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் அன்றாடத் தொழிலின் பகுதியாகச் செய்வது இந்தக் கணக்கில் சேராது, சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதும் சேராது. நியாயம்தான், இல்லாவிட்டால் தீபாவளி போனஸையே சிஎஸ்ஆர் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் நடப்பது என்ன? ரூம் பாய் சம்பளம், தண்ணீர், செப்டிக் டேங்க், காய்கறி வாங்கும் இடம் என்று ஒரு விடுதி தன் ஊரை நேரடியாகத் தொடும் அத்தனையும் அந்தச் சொல்லுக்கு வெளியே போய்விடுகிறது. உள்ளே மிஞ்சுவது பெஞ்சு. அதுவும் பெரிய கம்பெனிகளுக்குத்தான். உங்கள் மலையில் உள்ள லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டேக்களில் எத்தனை அந்த 5 கோடி லாபத்தை எட்டும்?

ஆகவே லாபத்தில் 2 சதவீதம் எங்கே போகிறது என்பதை விட்டுவிடுங்கள். மீதி 98 எப்படி வந்தது என்று கேளுங்கள். அதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2012இல் சுற்றுலா ஆய்வாளர் சேவியர் ஃபான்ட்டும் உடனாய்வாளர்களும் பத்து பன்னாட்டு விடுதிக் குழுமங்கள் அறிக்கையில் சொல்வதையும், விடுதியில் நடப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய குழுமங்களிடம் விரிவான கொள்கைகள் இருந்தன, சொல்லுக்கும் செயலுக்குமான இடைவெளியும் அங்கேதான் பெரிதாக இருந்தது. சிறிய குழுமங்கள் சுற்றுச்சூழலோடு நிறுத்திக்கொண்டன, சொன்னதைச் செய்தன. சுற்றுச்சூழல் பணிகள் பெரும்பாலும் செலவு மிச்சமாகும் இடத்தில்தான் நடந்தன. தொழிலாளர் விஷயத்தில் உள்ளூர்ச் சட்டம் கேட்பதைச் செய்தால் போதும் என்பதே நோக்கம். விடுதி இருக்கும் ஊருக்கு என்ன ஆகிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் தலைப்புக்கு முதலில் படிக்க வேண்டியது அதுதான்.

விருந்தினரை ஆராயவே கூடாது என்று சொல்லவில்லை. 2008இல் வெளிவந்த ஆய்வில் கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் ஓர் அமெரிக்க விடுதியின் குளியலறைகளில் வெவ்வேறு அட்டைகளை வைத்தார்கள். ‘சுற்றுச்சூழலைக் காக்க உதவுங்கள்’ என்ற வழக்கமான அட்டை இருந்த அறைகளில் சுமார் 35 சதவீதம் பேர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். ‘பெரும்பாலான விருந்தினர்கள் பயன்படுத்துகிறார்கள்’ என்று எழுதியபோது 44 சதவீதம். இன்னொரு சோதனையில் ‘இதே அறையில் தங்கியவர்கள்’ என்று எழுதியதும் 49 சதவீதம் ஆனது. நீங்கள் சுற்றுச்சூழல் ஆர்வலரா என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை, துண்டை எண்ணினார்கள். அப்புறம், துண்டு துவைக்காமல் மிச்சமாகும் பணம் யாருக்குப் போகிறது என்பது அந்த ஆய்வு தொடாத கேள்வி. உங்களுக்கு அது உதவும்.

நல்லபடியாக நடந்ததையும் பாருங்கள். பக்கத்தில் குமரகம் இருக்கிறது. வேம்பநாட்டுக் காயலோரம் ரிசார்ட்டுகள் வந்தபோது ஊர்க்காரர்களுக்கும் அவற்றுக்கும் ஆகவில்லை. காயலுக்குப் போகும் வழி அடைபட்டது, காய்கறி வெளியூரிலிருந்து வந்தது. 2007–08இல் கேரள அரசு பொறுப்புச் சுற்றுலா என்ற திட்டத்தைக் குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு நான்கிலும் தொடங்கியது. குமரகத்தில் பஞ்சாயத்து நடுவில் நின்றது. குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள் காய்கறி பயிரிட்டார்கள், விடுதிகள் வாங்கின. விலை முடிவுசெய்ய ஒரு குழு, தரம் பார்க்க ஒரு குழு. இந்த இரண்டு குழுக்கள்தான் விஷயமே. அவை இல்லாவிட்டால் முதல் மாதம் போட்டோ எடுத்திருப்பார்கள், இரண்டாம் மாதம் செஃப் ‘தக்காளி சரியில்லை’ என்று பழைய வியாபாரிக்கே போன் போட்டிருப்பார்.

ஆனால் அதே காயலில்தான் நெடியத்துருத்து தீவும் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறி அங்கே கட்டிய சொகுசு ரிசார்ட்டை இடிக்க வேண்டும் என்ற கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உறுதிசெய்தது. இடிப்பு 2022 செப்டம்பரில்தான் தொடங்கியது. கேரலின் பிரமிடில் இது இரண்டாம் அடுக்கு, வெறும் சட்டம். உங்கள் மலைக்கே வருவோம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது, 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டி என்று வரம்பும் வந்தது. இரண்டையும் கொண்டுவந்தது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. மலை தாங்காது என்று தொழில்துறை தானாகச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. வரம்பு வந்ததும் அவர்கள் எதிர்த்துப் பேசியதும் உங்களுக்குத் தரவுதான், வெட்டி ஒட்டி வையுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? சமையலறைக் கொள்முதல் ரசீதிலிருந்து தொடங்குங்கள். புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு உங்கள் சமையலறைக்குள் வந்திருக்கிறதா? கேரட்டும் பீன்ஸும் பூம்பாறை விவசாயியிடமிருந்து வருகின்றனவா, ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து லாரி ஏறி வருகின்றனவா? எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் காண்ட்ராக்ட், எத்தனை பேர் ‘டிரெய்னி’ என்ற பெயரில் வருடக்கணக்காக இருக்கிறார்கள்? லாரித் தண்ணீர் யாருடைய கிணற்றிலிருந்து வருகிறது, அந்தக் கிணற்றுக்குப் பக்கத்து வீட்டுக் குழாயில் கோடையில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர்?

கைடோடு சண்டை வேண்டாம். 300 கேள்வித்தாளையும் வாங்குங்கள், அது ஒரு அத்தியாயம். அடுத்த அத்தியாயத்தில் ரசீதுக் கணக்கை வையுங்கள். நீங்கள் அங்கேயே சம்பளம் வாங்குகிறவர் என்பதால் ஒன்று சொல்கிறேன்: எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு ரசீதைக்கூட போட்டோ எடுக்காதீர்கள், உடன் வேலை செய்பவர்கள் யாரென்று தெரியும்படி எழுதாதீர்கள். நிர்வாகம் மறுத்தால் சிறிய காட்டேஜ்காரர்களிடம் போங்கள். பெரும்பாலும் உட்கார வைத்து, டீ கொடுத்து, கணக்கு நோட்டையும் எடுத்துக் காட்டுவார்கள்.