சின்ன ஊர் பாலிடெக்னிக் போதுமா?

கேள்வி: ஐயா, என் மகன் பத்தாம் வகுப்பில் 371 மதிப்பெண் எடுத்திருக்கிறான். பக்கத்து ஊர் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்க ஆசைப்படுகிறான். 'எங்கேயும் இடம் கிடைக்காதவன்தான் அங்கே போவான், பிளஸ் டூ படித்து இன்ஜினீயரிங் சேரட்டும்' என்கிறார் மைத்துனர். சின்ன ஊரில் இந்தக் கல்லூரிகளை எதற்குத்தான் ஆரம்பித்தார்கள்?
- ஒரு தந்தை, சிவகங்கை மாவட்டம்

பதில்: எதற்கு ஆரம்பித்தார்கள் என்பதற்குப் பதில் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1947-ல், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார், வெளியூர்களிலும் கல்லூரிகள் வர வேண்டும், வசதியுள்ளவர்கள் முன்வர வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டுக்கொண்டார். அதைக் கேட்டிருந்த தொழிலதிபர் அழகப்பச் செட்டியார் அந்த ஆண்டே காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். 1952-ல் பொறியியல் கல்லூரி வந்தது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1957-ல் செட்டியார் காலமானபோது அவருக்கு 48 வயதுகூட நிறையவில்லை. சென்னையில் இடம் கிடைக்காதவர்களுக்காக அவர் இதையெல்லாம் கட்டவில்லை. இந்த வறண்ட பூமியின் பிள்ளைகள் படிப்புக்காக ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை என்றுதான் கட்டினார். இன்றைக்கும் அந்தப் பொறியியல் கல்லூரி அரசுக் கல்லூரியாக நடக்கிறது.

நான் 28 வருடம் ஒரு பாலிடெக்னிக் பட்டறையில் பயிற்றுநராக இருந்தவன். முதல் வருடப் பையனிடம் ஒரு இரும்புத் தகட்டையும் அரத்தையும் கொடுப்போம். வைஸ் என்ற பிடிகருவியில் தகட்டை இறுக்கி, ஓரம் நேராகும்வரை ராவச் சொல்வோம். ஒரு மணி நேரம் ராவிவிட்டு 'முடிந்தது சார்' என்பான். நேர்த்தி பார்க்கும் மூலைமட்டத்தை ஓரத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொல்வேன். இடுக்கில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரியும். ஒன்றும் பேசாமல் மறுபடி வைஸுக்குப் போவான். உள்ளங்கையில் கொப்புளம் வந்திருக்கும், ஆனாலும் விடமாட்டான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வெளிச்சம் அடைபடும். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! பத்தாம் வகுப்பில் கணக்குக்குப் பயந்த எத்தனையோ பையன்கள் அந்தப் பட்டறையில்தான் அளவு என்றால் என்னவென்று புரிந்துகொண்டார்கள்.

மைத்துனரிடம் ஒரு கணக்கையும் சொல்லுங்கள். பிளஸ் டூ 2 வருடம், பி.இ. 4 வருடம், மொத்தம் 6. பாலிடெக்னிக் டிப்ளமோ 3 வருடம், அதன்பின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தால் 3 வருடம், அதுவும் 6 தான். நடுவில் வீட்டில் பணமுடை வந்து நிறுத்த நேர்ந்தாலும், டிப்ளமோ படித்தவன் கையில் ஒரு தொழில் இருக்கும்.

இவ்வளவு சொன்னாலும், சின்ன ஊர்க் கல்லூரி எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். கட்டிடத்தையும் விளம்பரப் பலகையையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். லேத் என்ற கடைசல் இயந்திரத்துக்கு அடியில் சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடந்தால், எண்ணெய் வாடை அடித்தால் சரி, பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். மெஷின் மேல் தூசி படிந்து, தரை பளபளவென்று இருந்தால் யோசியுங்கள். ஒரு வைஸுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். அங்கே படிக்கும் பையன் ஒருவனைத் தனியாகப் பிடித்து, 'இந்த வாரம் என்னப்பா செய்தீர்கள்?' என்று விசாரியுங்கள்.

அப்புறம், மகனையும் கூட அழைத்துப் போங்கள். லேத் முன்னால் அவன் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.