இன்ஜின் அடிக்கும் பழைய ஸ்விஃப்ட் டீசலை வாங்கலாமா?

கேள்வியில் உள்ள விவரம் இவ்வளவுதான்: 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல், ஓடோமீட்டரில் 1,40,000 கிலோமீட்டர், பாடி சுத்தம், விலை சந்தை நிலவரத்தைவிடக் குறைவு. ஆனால் இன்ஜினில் 'டக் டக்' என்று ஓர் ஓசை. "டாப்பெட் சத்தம்தான் சார், ஐயாயிரம் ரூபாயில் சரியாகிவிடும்" என்கிறார் புரோக்கர். நம்பி வாங்கலாமா?

வண்டியை வாங்குவதா என்பதைப் பிறகு பார்ப்போம். புரோக்கரின் அந்த வாக்கியத்தை மட்டும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். இந்த வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின், 1,248 சி.சி. மாருதி, டாடா, ஃபியட் எனப் பல நிறுவனங்களின் கார்களிலும் அது ஓடியதால் 'தேசிய இன்ஜின்' என்றே கார்ப் பிரியர்கள் பெயர் வைத்தார்கள். நல்ல இன்ஜின், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் வால்வு இடைவெளியை (டாப்பெட் சத்தம் வருவது இது கூடும்போதுதான்) ஹைட்ராலிக் அட்ஜஸ்டர்கள் ஆயில் அழுத்தத்தைக் கொண்டு தாமாகவே சரிசெய்துகொள்கின்றன. ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை நுழைத்து, நட்டைத் தளர்த்தி, டாப்பெட் செட்டிங் செய்ய அதில் திருகே கிடையாது. இல்லாத வேலைக்கு ஐயாயிரம் ரூபாய் கணக்கு சொல்கிறார் அவர். அட்ஜஸ்டரிலிருந்து ஓசை வரவே வராது என்று நான் சொல்லவில்லை, வரும். அப்படி வந்தால் ஆயில் அழுத்தம் போதுமான அளவு இருக்கிறதா என்ற அடுத்த கேள்வி எழும். அது டாப்பெட்டைவிடப் பெரிய கேள்வி.

நான் கோயம்புத்தூரில் கிராங்க் கிரைண்டிங் பட்டறையில், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைத் தேய்த்துச் சரிசெய்யும் இடத்தில் வேலை செய்கிறவன். மெக்கானிக் கேட்பது ஓசையை. எங்கள் மேசைக்கு வருவது அந்த ஓசையை அலட்சியம் செய்த பிறகு மிஞ்சிய இரும்பு. பிஸ்டனையும் கிராங்கையும் இணைப்பது கனெக்டிங் ராட்; அதன் பேரிங் என்பது பிறை வடிவில் வளைந்த இரண்டு மெல்லிய தகடுகள். அதற்கும் கிராங்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு இடைவெளி. அந்த இடைவெளியில் நிற்கும் ஆயில்தான் இரும்பையும் இரும்பையும் பிரித்து வைக்கிறது. ஆயில் குறைந்தாலோ, கசடு சேர்ந்து சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள சல்லடை அடைபட்டாலோ, முதலில் பேரிங்கின் மேல்பூச்சு போகும். பிறகு இடைவெளி அகலும், ராட் அடிக்கத் தொடங்கும். அப்படி ஓட்டிய வண்டியின் கிராங்கைக் கையில் எடுத்தால் ஜர்னல் (பேரிங் அமரும் வழவழப்பான பகுதி) நீலம் பாய்ந்திருக்கும், நகத்தை வைத்து இழுத்தால் கோடு கோடாகச் சிக்கும். பேரிங் தகடு இடத்தைவிட்டுச் சுழன்றிருந்தால் ராடின் கண்ணும் (பேரிங் உட்காரும் துளை) வட்டம் கெட்டிருக்கும்.

எல்லா ஓசையும் அந்த ஓசை இல்லை. டீசல் இன்ஜின் அழுத்தத்தினாலேயே எரிபொருளைப் பற்றவைப்பது, ஆகவே ஓரளவு 'கடகட' அதன் பிறவிக்குணம். பெட்ரோல் காரில் ஏற்றத்தில் மிதிக்கும்போது 'கிணிகிணி' என்று கேட்பது எரிபொருள் தானாக வெடிப்பதால். கார்பன் படிவு, ஆக்டேன் போதாமை என்று அதற்கு வேறு காரணங்கள் உண்டு, உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது. உங்களுக்குப் பொருந்தக்கூடியவை முக்கியமாக மூன்று: வால்வுகளைக் கிராங்கோடு இணைத்து இயக்கும் டைமிங் செயின், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், ராட் பேரிங்.

செயின் ஓசையைக் கண்டுபிடிப்பது எளிது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் சில விநாடிகள் 'கரகர' என்று கேட்டு, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை ஆயில் நிரப்பியதும் அடங்கும். செயின் செட் மாற்ற வேண்டியிருக்கும், அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கியதும் மாற்றிவிட வேண்டும். செயின் பல் தாண்டினால் பிஸ்டன் வால்வைப் போய் இடிக்கும் ரகம் இந்த இன்ஜின்.

இன்ஜெக்டருக்கும் ராடுக்கும்தான் ஊரில் பாதிப் பேர் குழம்புகிறார்கள். இரண்டும் கூர்மையான 'டக் டக்'. ஒவ்வோர் இன்ஜெக்டரின் இணைப்பையும் மெக்கானிக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பார். ஓசை எந்த சிலிண்டரில் குறைகிறதோ அங்கே கோளாறு. சரி, ஆனால் எந்த சிலிண்டர் என்றுதான் அது சொல்லும், எந்த உறுப்பு என்று சொல்லாது. அந்த சிலிண்டரில் எரிவது நின்றால் ராடின் மேல் சுமையும் குறைகிறது, ஆகவே அந்த ஓசையும் குறையும். அதைவிட நல்ல சோதனையை ஓட்டிப் பார்த்தே செய்யலாம். காலியான சாலையில் மூன்றாவது கியரில் நாற்பது ஐம்பது வேகத்தில் போய், கிளட்சைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகிறது. எரிவதே இல்லாதபோது இன்ஜெக்டர் ஓசைக்கு வேலையில்லை. அப்போதும் அடித்துக்கொண்டே வந்தால் அது இரும்பு மோதும் ஓசை. காலை லேசாக வைத்தும் எடுத்தும் பாருங்கள். இழுப்பதுமில்லாமல் தள்ளுவதுமில்லாமல் வண்டி மிதக்கும் அந்த நடு நிலையில்தான் தேய்ந்த ராட் பேரிங் நன்றாக வாய் திறக்கும். எரிபொருள் நின்றதும் ஓசையும் நின்றுவிட்டால் இன்ஜெக்டர் பக்கம் சந்தேகப்படலாம், ஆனால் ராடுக்கு அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். கிளட்சை மிதித்தால் ஓசை மாறுகிறதா, ஏ.சி.யை அணைத்தால் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் கிளட்ச் பேரிங், கியர்பாக்ஸ், கம்ப்ரசர் என்று பிரச்சினை பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியே போய்விடும், உங்கள் அதிர்ஷ்டம்.

இனி, மறைக்கும் வித்தைகள். இதில்தான் எனக்குக் கோபம் வரும். அண்மையில் மைத்துனருக்காக ஒரு வண்டி பார்க்கப் போனோம். பழைய கார்களை விற்கும் கடை, பெயர் வேண்டாம். காலையில் வருகிறோம், வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தோம். போய் பானட்டின் மேல் கையை வைத்தால் சுடுகிறது. "கழுவுவதற்காக எடுத்தோம் சார்" என்றார் அங்கிருந்த பையன். டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் சொட்டவே யோசித்தது. 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயிலை ஊற்ற வேண்டிய இன்ஜினில் கனமான ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். தேய்ந்த இடைவெளியைக் கனமான ஆயில் கொஞ்ச நாளைக்கு மூடி மறைக்கும். பிறகு சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்தேன். பேட்டரி விளக்கு எரிந்தது, சிவப்பு ஆயில் விளக்கு எரியவில்லை. இன்ஜின் ஓடாதபோது அது எரிந்தே ஆக வேண்டும், ஓடியதும் அணைய வேண்டும். எரியாத விளக்கை யாரோ எரியவிடாமல் செய்திருக்கிறார்கள். இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கவே இல்லை, திரும்பிவிட்டோம்.

ஆயில் கறுப்பாக இருப்பதை மட்டும் குற்றமாகப் பிடிக்காதீர்கள். டீசலில் ஊற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். டிப்ஸ்டிக்கில் வரும் துளியை வெள்ளைத் தாளில் தேய்த்து வெயிலில் பிடியுங்கள். மினுமினுப்பு தெரிந்தால் அது தேய்ந்து உதிர்ந்த உலோகத் தூள், பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

மினுமினுப்பு இல்லை, ஆனால் ஓசை சந்தேகமாக இருக்கிறது என்றால் ஒரே வழி, சம்ப்பைக் கழற்றி ராட் மூடிகளைத் திறந்து பேரிங்கைக் கண்ணால் பார்ப்பது. இன்ஜினை வெளியே இறக்க வேண்டியதில்லை, நல்ல மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. விற்பவரிடம் இப்படிப் பேசுங்கள்: "உங்கள் கண்முன்னே திறப்போம். பேரிங் நன்றாக இருந்தால் கூலி, புது ஆயில், சீலன்ட் எல்லாம் என் செலவு, நீங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன். தேய்ந்திருந்தால் திறந்த செலவு உங்களுடையது." வண்டியின் மேல் நம்பிக்கை உள்ளவர் இதற்குச் சம்மதிப்பார். "திறந்தால் இன்ஜின் கெட்டுவிடும்" என்று பதில் வந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

ராட்தான் என்று தெரிந்த பிறகும் சிலர் வாங்குவார்கள், அதிலும் தவறில்லை. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். கிராங்கைத் தேய்த்து 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்கு (அசல் அளவைவிடச் சிறிதாக) கொண்டுவருவது எங்களுக்குச் சாதாரண வேலை, செலவிலும் அது சின்னப் பகுதிதான். பேரிங் செட், ஆயில் பம்ப், கேஸ்கட், இன்ஜின் இறக்கி ஏற்றும் கூலி, அதோடு டர்போ. அதே ஆயில்தான் டர்போவுக்கும் போகிறது என்பதால் உலோகத் தூள் அங்கேயும் போயிருக்கும். பிஸ்டன், ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்துவது) வரை போனால் மொத்தம் லட்சத்தைத் தொடுவதை நான் பார்த்திருக்கிறேன். 2013 வண்டிக்கு 15 ஆண்டுப் பதிவு 2028-இல் முடிகிறது, அதன்பிறகு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பசுமை வரி. அந்தப் பணத்தை எத்தனை ஆண்டு ஓட்டி எடுப்பீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேரம் பேசும்போது இன்ஜின் இல்லாத வண்டிக்கு என்ன விலையோ அதிலிருந்து தொடங்குங்கள். விலை அந்த மட்டத்துக்கு இறங்கவில்லை என்றால் கழுத்து அறுந்த கோழியை முழு விலைக்கு வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் கிடைக்குமே, அப்படியே மாற்றிவிட்டால் என்ன என்று யாராவது சொல்வார்கள். மாற்றலாம். ஆனால் ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் புது எண்ணைப் பதிந்துகொள்ளாவிட்டால் எஃப்.சி.யிலும் இன்சூரன்ஸ் கோரிக்கையிலும் மாட்டும்; அந்த இன்ஜின் திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் காவல் நிலையமும் சேர்ந்துகொள்ளும். பில் இல்லாத இன்ஜினைத் தொடவே தொடாதீர்கள். நீங்கள் பார்த்துவைத்திருக்கும் வண்டியிலும் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று முதலில் ஒத்துப்பாருங்கள். ஒருமுறை ஏற்கெனவே மாற்றியிருக்கவும் கூடும்.

சம்ப் விஷயத்தைப் புரோக்கரிடம் பேசாமல், ஆர்.சி.யில் பெயருள்ளவரிடம் நேரில் பேசுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம். திறந்தால் எட்டுப் பேரிங் தகடுகளையும் துடைத்து வரிசையாக வைத்து, வெளிச்சத்தில் படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள். கிராங்க் தேறுமா தேறாதா என்று ஓரளவு பார்த்துச் சொல்கிறேன்.