பதில்: நிலாவெளியில் கேம்பர் வான், பறவைகள் வெறும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகின்றன

வணக்கம். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் கேம்பர் வானில் இருந்து பார்த்தால் பறவைகள் வெறும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகின்றன என்று கேட்டிருந்தீர்கள். பதினொரு மணிக்குக் களப்பை (கடலோர உப்புநீர் ஏரியை) பார்த்திருக்கிறீர்கள், பிரச்சினை அதுதான். ஒன்பதரைக்குப் பிறகு சூடேறிய சேற்றின் மேல் காற்று அலையும். எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கியும் அதை வெல்லாது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கலங்கல்தான் பெருகும். 25 மடங்கே போதும்.

விடியும்போதே புல்மோட்டை வீதியில் இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டிப் பக்கம் போய்விடுங்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், அதாவது மேற்கே பார்த்து நில்லுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு வானுக்குள்ளேயே இருங்கள். வாகனத்துக்குப் பறவைகள் அவ்வளவாக அஞ்சாது, கதவைத் திறந்து ஆள் இறங்கினால்தான் எழும்பும். ஆனால் உள்ளே ஒருவர் நடந்தாலும் வான் ஆடும். எனவே முக்காலி வேண்டாம், பாதியளவு அரிசி நிரப்பிய துணிப்பையை யன்னலில் வைத்து அதன்மேல் கமராவை அழுத்துங்கள்.

தயவுசெய்து வெண்மையாகக் காய்ந்த தரையில் வானை இறக்காதீர்கள். மேலே உப்புப் பொருக்கு, கீழே களி. பாரமான வாகனம் அச்சுவரை புதையும். தார் வீதியின் ஓரமே பாதுகாப்பு.

பூநாரை தென்படும் என்பது உறுதியில்லை. இங்கே கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, நீர்மட்டத்தை மழைதான் தீர்மானிக்கும். பெப்ரவரியில் நீர் வற்றி, ஆழமற்ற விளிம்பு தெரிந்தால் உள்ளான்கள், கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை கிடைக்கும். நீர் உயர்ந்திருந்தால் நேரத்தை வீணாக்காமல் வடக்கே கொக்கிளாய்க் களப்புக்கு வானை ஓட்டுங்கள்.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்கு இந்த முறை போக வேண்டாம். வடகீழ்ப் பருவக் கடல் இன்னும் முழுதாக அடங்கியிருக்காது.