எதிர்க்கட்சி ஆர்டரை உங்கள் மகன் எடுக்கலாமா?

வணக்கம் அம்மா.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மகன் அச்சுக்கடை திறந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை, முத்ரா கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் வந்த பெரிய ஆர்டரை "அந்தக் கட்சிக்கு என் மெஷின் ஓடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். இவனுக்குத் தொழில் ஒத்து வருமா, பேசாமல் அரசு வேலைக்கான பிஎஸ்சி (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு எழுதச் சொல்லட்டுமா என்பது உங்கள் கேள்வி. தம்பி எந்தக் கட்சி, அவர் திருப்பி அனுப்பியது எந்தக் கட்சியின் ஆர்டர் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டையும் இடம் மாற்றி வைத்தாலும் என் பதில் இதுதான்.

முதலில் பிஎஸ்சி பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே கேரள பிஎஸ்சி கிளார்க் பணியிடங்களை அறிவிப்பது உண்டு. சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கு அது நல்ல வழி. தம்பிக்கு அந்த வேலையில் விருப்பம் இருந்தால் தாராளமாக எழுதட்டும். ஆனால் கட்சிப் பிடிப்பு அதிகமாக இருக்கிறது என்பதற்காக அவரை அங்கே அனுப்ப நினைக்காதீர்கள். 1960-ஆம் ஆண்டின் கேரள அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அரசு ஊழியர் அரசியல் கட்சியில் உறுப்பினராக இருக்க முடியாது, தேர்தல் வேலையும் பார்க்க முடியாது. மனு கொண்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். சொந்தக் கடையில் இருக்கும் சுதந்திரம் அங்கே கிடைக்காது.

இன்னொன்று. தவணை கழுத்தை நெரிக்கிற நேரத்திலும் மனசாட்சிக்காக ஒரு பெரிய தொகையை வேண்டாம் என்று சொன்ன பையனை வெறும் பிடிவாதக்காரன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். என்னிடம் வருகிற இளைஞர்களில் பணம் வந்தால் போதும், எதையும் செய்வேன் என்பவர்களை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். தம்பியிடம் கொள்கை இருக்கிறது. அதைத் தொழிலுக்குள் எந்த இடத்தில் வைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. அது பழகிக்கொள்ளக்கூடியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒருவரைக் கடைக்குள் வர விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. தீண்டாமையைக் காரணமாக வைத்துப் பொருளோ சேவையோ மறுப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அரசியல் கருத்து அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ஒரு கட்சியின் பிரசார நோட்டீஸை அடிக்க மாட்டேன் என்று சொல்ல தம்பிக்கு உரிமை இருக்கிறது. உரிமை இருக்கிறது என்பதால் ஒவ்வொரு முறையும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை.

நம்முடைய எல்லைப் பகுதியில் கட்சிக் கோடு எப்படி வளைகிறது என்று தம்பி ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் பாலக்காட்டில் காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் நேருக்கு நேர் மோதின, காங்கிரஸ் ஜெயித்தது. அதே தேர்தலில் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோவையில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் பி.ஆர்.நடராஜன், அவருக்காக காங்கிரஸ்காரர்கள் வீடு வீடாக ஓட்டுக் கேட்டார்கள், அவர் ஜெயித்தார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, கேரளத்தில் ஏப்ரல் 23. இரண்டு பக்கமும் வேலை எடுக்கும் கொழிஞ்சாம்பாறை அச்சுக்கடைக்கு, ஒரே வாரத்தில் ஒரே சின்னம் இந்தப் பக்கம் எதிரி, அந்தப் பக்கம் கூட்டாளி. கட்சிகளுக்குக் கொள்கையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கட்சிப் பெயரை மட்டும் வைத்து ஆர்டரைத் தீர்மானித்தால், இந்த ஊரில் தம்பியே தனக்கு ஒரு காரணம் சொல்லிக்கொள்ள முடியாமல் திணறுவார்.

அதனால் ஆளைப் பார்க்காமல் வேலையைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

எதிர்க்கட்சி வார்டு மெம்பர் தன் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறார், அந்தக் கட்சிச் செயலாளர் தன் அரிசி மில்லுக்கு பில் புக் கேட்கிறார். இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. இதையும் மறுத்தால் அது கொள்கை ஆகாது, பகை. சின்ன ஊரில் பகை இரண்டு தலைமுறை நிற்கும்.

யோசிக்க வேண்டியது பிரசார வேலையில்தான். அதிலும் மெஷினில் ஓட்டிக் கொடுப்பது வேறு, வாசகம் யோசித்து எழுதிக் கொடுப்பது வேறு. தனக்கு நம்பிக்கையில்லாத ஒரு கட்சிக்காக ராத்திரி உட்கார்ந்து கோஷம் எழுதுவது தம்பிக்கு உறுத்தும், அந்த உறுத்தல் நியாயமானது. "டிசைனும் மேட்டரும் நீங்களே கொண்டு வாருங்கள், பிரிண்ட் மட்டும் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லலாம். நிறையப் பேருக்கு அதுவே போதும்.

நான் தம்பியிடம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான். எதிர்க்கட்சியின் போஸ்டர் ஒட்டப்படுவதற்கு மூன்று நாள் முன்பே அவர் கண்ணுக்கு வந்துவிடும். எந்த வார்டுக்கு எத்தனை நோட்டீஸ், எந்தத் தலைவர் எந்தத் தேதியில் வருகிறார், எந்தக் குற்றச்சாட்டைக் கிளப்பப் போகிறார்கள், எல்லாம் தெரிந்துவிடும். அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் சொந்தக் கட்சி நண்பர்களோடு உட்காரும்போது வாயைத் திறக்காமல் இருப்பாரா? இருப்பேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடிந்தால் ஆர்டரை எடுக்கட்டும். முடியாது என்றால் எடுக்கவே வேண்டாம். மறுப்பதற்கு அதுவே நேர்மையான காரணம். அட்வான்ஸ் வாங்கும் வரைக்கும் மறுக்கலாம். வாங்கிய பிறகு அந்த வேலை சொந்தக் கட்சி வேலையைப் போலவே நடக்க வேண்டும்: அதே தரம், அதே வேகம், சொன்ன தேதி. மை மங்கலாக விழுந்தாலும் பரவாயில்லை, அவர்களுக்குத்தானே என்று ஒருமுறை விட்டால் அவர் அச்சுக்காரராக இருக்கும் தகுதியை இழக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

"போஸ்டரில் என் கடைப் பெயர் வருமே, பார்க்கிறவன் என்ன நினைப்பான்" என்று தம்பி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ, தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவருடைய பெயரும் முகவரியும் முகப்பில் இருக்க வேண்டும் என்கிறது. அச்சிட்டவர் அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டார் என்பது அதன் பொருளல்ல. அந்தக் கருத்தைச் சொல்பவர் பக்கத்தில் பெயர் இருக்கிற வெளியீட்டாளர். மொட்டைக் கடிதம் மாதிரி யார் அடித்தது என்றே தெரியாத அவதூறு ஊரில் பரவக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அதனால் அந்தப் பெயர் அங்கே இருப்பதில் தம்பிக்கு வெட்கம் வேண்டாம். அது இல்லாவிட்டால்தான் ஆபத்து: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அச்சிடுவதற்கு முன்பே வெளியீட்டாளர் கையெழுத்திட்ட உறுதிமொழி இரண்டு பிரதி வாங்க வேண்டும். அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சிட்ட பிறகு அதில் ஒன்றையும் நோட்டீஸின் ஒரு பிரதியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு, அதாவது பாலக்காடு கலெக்டருக்கு, அனுப்ப வேண்டும். கூட்டம் எங்கே, எப்போது என்று மட்டும் சொல்லும் நோட்டீஸுக்கு இது தேவையில்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்கள் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அடுத்ததாக, சொந்தக் கட்சி. அம்மா, நீங்கள் எதிர்க்கட்சி ஆர்டர் போனதற்காக வருத்தப்படுகிறீர்கள். எனக்கு தம்பியின் சொந்தக் கட்சியால் வரும் நஷ்டம்தான் பெரிதாகத் தெரிகிறது. "நம்ம பையன்தானே" என்று அட்வான்ஸ் இல்லாமல் அடிக்கச் சொல்வார்கள், தேர்தல் முடிந்ததும் ஃபோனை எடுக்க மாட்டார்கள். பேப்பர்காரருக்கும் மைக்காரருக்கும் கொடுக்க வேண்டிய காசு அங்கே முடங்கும். கட்சிமேல் பற்று இருந்தால் தம்பி தன் சம்பாத்தியத்திலிருந்து நன்கொடை கொடுக்கட்டும், ரசீது வாங்கட்டும். ஆனால் பில்லில் எல்லாருக்கும் ஒரே ரேட். வேட்பாளருக்கும் அதுதான் நல்லது. வேட்பு மனு போட்ட நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை அவர் செலவுக் கணக்கு வைக்க வேண்டும், 30 நாளுக்குள் அதை ஒப்படைக்க வேண்டும். கேரளச் சட்டமன்றத் தொகுதிக்கு 2022-இல் நிர்ணயித்த உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். தம்பி பாசத்தில் பாதி விலைக்கு அடித்துக் கொடுத்தாலும், மாவட்டத்தில் அறிவித்த ரேட்டைப் போட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ரொக்கமாக ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது என்ற வருமான வரி விதி 2017-இலிருந்து இருக்கிறது. தேர்தல் நேரத்தில் பையில் பணத்தோடு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் வங்கி வழியாக அனுப்பச் சொல்லட்டும்.

மறுத்தே ஆக வேண்டிய வேலைகளும் உண்டு. பெயர் போடாமல் அடிக்கச் சொல்வது, சாதியையோ மதத்தையோ சொல்லி வெறுப்பைக் கிளப்புவது, ஒருவர் குடும்பத்துப் பெண்களை இழுத்து எழுதுவது. தேர்தலையொட்டி மத, சாதிப் பகையைத் தூண்டினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. பிவிசி ஃபிளெக்ஸும் இந்தக் கணக்கில் வரும். கேரள அரசு 2019-லேயே தடை செய்துவிட்டது. எல்லை தாண்டி ரோல் வாங்கி வரலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்க வேண்டாம். பெரும்பாலும் இப்படிக் கேட்கிறவர் நமக்குப் பழக்கமானவராகத்தான் இருப்பார். அவரிடம் முடியாது என்று சொல்லும்போதுதான் தம்பியின் கொள்கைக்கு உண்மையான சோதனை.

கருத்து வேற்றுமை வேறு, வெறுப்பு வேறு என்பதைப் புரிந்துகொள்ள நம் தண்ணீர்ப் பிரச்சினையையே எடுத்துக்கொள்ளலாம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர் பகுதிக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். வரவில்லை என்று இங்கே விவசாயிகள் போஸ்டர் அடிப்பார்கள். எங்களுக்கே போதவில்லை என்று பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகள் அடிப்பார்கள். உங்கள் வயலுக்கும் ஆழியாற்றுத் தண்ணீர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் பொள்ளாச்சிக்காரர் தன் கோரிக்கையைத் தன் பெயரில் சொன்னால் தம்பி அடித்துக் கொடுக்கலாம் என்றே நான் சொல்வேன். மறுபக்கத்துக்காரனை மொழியைச் சொல்லித் திட்டும் போஸ்டரை இரண்டு பக்கத்துக்கும் அடிக்கக் கூடாது.

எல்லாம் கேட்ட பிறகும், என் கட்சி வேலையைத் தவிர வேறு கட்சி வேலை தொட மாட்டேன் என்று தம்பி சொன்னால் அதையும் மதியுங்கள். கட்சிக்கென்றே நடக்கும் அச்சகங்கள் உண்டு, அதில் அவமானம் இல்லை. எந்தக் கட்சியும் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் பிழைக்கலாம். பஞ்சாயத்து, சட்டமன்றம், நாடாளுமன்றம் எல்லாம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. வேலை என்று நாம் சொல்லும் கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, கடை பில் புக் ஆகியவை வருடம் முழுக்க ஓடும். எந்த வழியானாலும் அடுத்த தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே முடிவெடுத்து எழுதி வைத்துவிட வேண்டும். ஆள் வந்து நின்ற பிறகு யோசிக்கக் கூடாது. கடையில் வேலை பார்க்கும் பையன்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும். அவர்களில் வேறு கட்சிக்காரர் இருக்கலாம். கடை நம்பரில் கட்சி ஸ்டேட்டஸ் போடுவதை நிறுத்திவிட்டு, அதற்கு வேறு நம்பர் வைத்துக்கொள்ளட்டும்.

திருப்பி அனுப்பப்பட்டவரை தம்பி நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. ஆர்டரைத் திரும்பக் கேட்க வேண்டாம், அது இந்நேரம் வேறு கடைக்குப் போயிருக்கும். எல்லார் முன்னாலும் வாசலில் வைத்துப் பேசியதற்கு வருத்தம் சொன்னால் போதும். இனிமேல் மறுக்க நேர்ந்தால், அவரை உட்கார வைத்து, குரல் உயர்த்தாமல் இப்படிச் சொல்லட்டும்: "அண்ணே, இந்த வேலையை மனசோட என்னால செய்ய முடியாது, அரைமனசா செஞ்சா உங்களுக்குத்தான் நஷ்டம். இதே சைஸ் மெஷின் இருக்கிற கடை ரெண்டு சொல்றேன். உங்க வீட்டு விசேஷம் எதுவானாலும் இங்கேயே வாங்க."